படிவம் அச்சாகும் முன்

திருமங்கலம் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு வந்தது. பிள்ளைகள் தாமதமாக வருவதற்குரிய காரணங்களுள் ‘பெற்றோரின் அக்கறையின்மை’ என்பது அவர்களுடைய படிவத்தில் இருந்தது, பூப்பறிப்பு இல்லை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் மதுரை மல்லிகையை மொட்டு விரிவதற்குள் பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்பினால்தான் விலை கிடைக்கும் என்பதால், பருவகாலத்தில் பிள்ளைகளும் விடியற்காலையில் தாயோடு தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள் என்று சொன்னேன். “படிவத்தை இனி மாற்ற முடியாதுங்க டீச்சர்” என்றார்கள், மரியாதையாகத்தான்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-இல் தொடங்கியதிலிருந்து, எந்தப் பிள்ளைக்கு ளகரமும் ழகரமும் குழம்புகின்றன என்று நான் தேதியிட்டுக் குறித்துவந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டார்கள். அறிக்கையில் நான் ‘தரவு சேகரிப்பில் உதவியவர்’. அந்த அறிக்கையும் வேறொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் எனக்குக் கிடைத்தது.

அவர்கள் உழைப்பாளிகள், ஐயமில்லை. ஆனால் நிதியும் காலக்கெடுவும் கேள்விகளும் ஒரு தரப்பின் கையிலேயே இருக்க, எங்களைப் ‘பங்காளர்கள்’ என்கிறார்கள். எங்கள் ஊரில் பங்காளி என்றால் சொத்தில் பாகம் உள்ளவர்.

அடுத்த மாதம் வரவிருக்கும் குழுவிடம், படிவம் அச்சாகும் முன் ஒரு நாள் எங்களோடு உட்கார வேண்டும் என்றும், முடிவுகளை முதலில் எங்கள் பள்ளியில் தமிழில் சொல்ல வேண்டும் என்றும் எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன்.