நிதி தேடும் பருவம்: வன்னியிலிருந்து ஒரு நாட்குறிப்பு

24 யூன் 2024, திங்கள்

மே மாதத் தொடக்கத்தில் ஆரம்பித்த கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் இன்னும் முடிவதாகத் தெரியவில்லை. நிதியாளர் பிரிவு பூட்டிக் கிடக்கிறது. ஆய்வுகூடத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதைக்கூட விசாரித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. கற்பித்தல் தடைப்பட்ட இந்த வாரங்களில் இளம் விரிவுரையாளர்களுக்கு ஆய்வு நிதி தேடிக்கொடுக்கும் வேலையைத் தொடங்கலாமா என்று பீடாதிபதியிடம் கேட்டேன். "தாராளமாச் செய்யுங்கோ, ஆனா கையொப்பம் கேட்டு மட்டும் வராதேங்கோ" என்றார்.

மூவர் வந்தார்கள். மண்ணியல் கற்பிப்பவர் யப்பானில் கலாநிதிப் பட்டம் முடித்துத் திரும்பியவர். இரண்டாமவர் பேராதனையிலுள்ள பட்டப்பின் விவசாய நிறுவனத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் தகுதிகாண் விரிவுரையாளர், கைக்குழந்தைத் தாய். மூன்றாமவர் பொறியியலாளர், வயது 36, கலாநிதிப் படிப்பை இனித்தான் தொடங்கவேண்டும். "எந்த நிதிக்குப் போடலாம், சேர்?" என்பதே மூவரின் கேள்வியும். பதில் சொல்லுமுன் அவர்களின் பட்டச் சான்றிதழ்களில் உள்ள திகதிகளை எழுதித் தரச் சொன்னேன். ஆய்வுத் தலைப்பைப் பற்றிப் பேச ஆயத்தமாக வந்தவர்களுக்கு அது சப்பென்று போயிருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான கதவுகளைத் திறப்பதும் மூடுவதும் அந்தத் திகதிகள்தான். ஜெர்மனியின் ஹம்போல்ட் ஆய்வு உதவித்தொகைக்குக் கலாநிதிப் பட்டம் பெற்று 4 ஆண்டுகளுக்குள் இருப்பவர் ஒரு பிரிவிலும், 12 ஆண்டுகளுக்குள் இருப்பவர் அனுபவமுள்ளோர் பிரிவிலும் வருவார். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கொடோவ்ஸ்கா கியூரி உதவித்தொகைக்கு எல்லை 8 ஆண்டுகள். யப்பானிய அரசின் மொன்புசோ புலமைப்பரிசில் 35 வயதுக்குட்பட்டோருக்கு. ஜெர்மனியின் டாட் (DAAD) என்னும் கல்விப் பரிமாற்ற நிறுவனம் கலாநிதி ஆய்வுக்கு வருவோரிடம் கடைசிப் பட்டம் பெற்று பொதுவாக 6 ஆண்டுகளுக்கு மேலாகியிருக்கக்கூடாது என்கிறது. ஒரு மணித்தியாலத்தில் பொறியியலாளரின் பட்டியலில் பாதிக்கு மேல் அடித்தாகிவிட்டது. அவருக்கு முகம் வாடியது. எனக்கோ, வீணாக எழுதப்படவிருந்த பக்கங்கள் மிச்சம் என்றே பட்டது.

1 யூலை, திங்கள்

பொறியியலாளர் ஒரு மின்னஞ்சலை எனக்கு அனுப்பிவைத்தார். முழு உதவித்தொகை உறுதி, விமானச் சீட்டும் உறுதி, "கோப்புக் கட்டணம்" மட்டும் முன்கூட்டியே செலுத்தவேண்டுமாம். உண்மையான நிதி நிறுவனம் எதுவும் பணம் தருவதற்காக விண்ணப்பதாரரிடம் பணம் வாங்குவதில்லை என்று பதில் எழுதினேன். நிதியைத் தேடித்தருவதாகச் சொல்லித் தொகை கேட்கும் முகவர்களுக்கும் இதுவே பொருந்தும். அவர்கள் விற்கும் பட்டியலில் உள்ளவை எல்லாம் அந்தந்த நிறுவனங்களின் தளங்களிலும், ஐரோப்பிய ஆணையத்தின் யூராக்செஸ் தளத்திலும் இலவசமாகவே கிடக்கின்றன.

9 யூலை, செவ்வாய்

மண்ணியலாளருக்கு மேரி கியூரி பொருந்துகிறது. பட்டம் பெற்று 8 ஆண்டுகள் ஆகவில்லை. இடம்பெயர்வு விதியும் அவரைத் தடுக்கவில்லை. விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முந்திய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் எந்த நாட்டில் வாழ்ந்தாரோ அல்லது வேலை செய்தாரோ, அந்த நாட்டை ஏற்பு நாடாக, அதாவது உதவித்தொகையில் போய் ஆய்வுசெய்யும் நாடாக, கொள்ள முடியாது என்பதே அந்த விதி. ஐரோப்பாவிலேயே படித்துவிட்டு அங்கேயே தொடர விரும்புகிறவர்களைத்தான் அது வாட்டும். கிளிநொச்சியில் குந்தியிருப்பவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. வன்னியில் இருப்பது அனுகூலமாக அமையும் இடங்கள் மிகச் சிலவே. அவற்றில் இது ஒன்று.

ஏற்புப் பேராசிரியரைப் பிடிப்பதுதான் கடினம். ஒரே மடலை ஐம்பது பேருக்கு அனுப்பும் வழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. அவருடைய ஆய்வை உண்மையில் வாசித்தவர் என்று முதல் மூன்று வரிகளில் தெரியாத மடலை எந்தப் பேராசிரியரும் திறந்து வைத்திருக்கமாட்டார். இரண்டு பேரைத் தெரிந்தோம்: ஒருவர் நெதர்லாந்தில், மற்றவர் போர்த்துகலில். எனக்குப் போர்த்துகலே பிடித்திருந்தது. மதிப்பீட்டில் 70 வீதம் என்ற அடிமட்டத்தைத் தாண்டியும் நிதி கிடைக்காமற்போன முன்மொழிவுகளை, போர்த்துகல், கிரேக்கம் போன்ற நாடுகளை ஏற்பிடமாகக் கொண்டவையாயின், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈ.ஆர்.ஏ. (ERA) உதவித்தொகை என்னும் இன்னொரு வாய்ப்புக்கும் சேர்க்கும் ஏற்பாடு இருக்கிறது. ஒரே எழுத்தில் இரண்டு தூண்டில். இந்த விபரம் வழிகாட்டி ஆவணத்தின் நடுப்பகுதியில் இருப்பதால் பலர் அதுவரை வாசிப்பதில்லை.

22 யூலை, திங்கள்

அலுவலகங்கள் மீண்டும் திறந்துவிட்டன. மேசைகளில் இரண்டு மாதத்துக் கோப்புகள். உள்நாட்டு நிறுவனமொன்றின் ஆய்வு மானிய அழைப்பும் இதற்குள் வந்து நிற்கிறது. பொறியியலாளருக்கு உகந்தது இதுதான்: நிரந்தரப் பதவியில் உள்ளவர் விண்ணப்பிக்கலாம், வயதெல்லை இல்லை. உதவித்தொகை என்பது ஆளுக்குக் கொடுக்கும் பணம், மானியம் என்பது வேலைக்குக் கொடுக்கும் பணம். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

நாள் முழுவதும் வரவுசெலவுத் திட்டத்தில் கழிந்தது. நிலத்தடி நீரின் உவர்த்தன்மையை அளக்கும் கருவிக்குக் கொழும்பு விற்பனையாளர்களிடம் விலைமனு மூன்று கேட்டோம். வந்தவை 30 நாளுக்கு மட்டுமே செல்லுபடியாகும். முன்மொழிவை மதிப்பிட்டு, ஒப்பந்தம் எழுதி, முதற் தவணை விடுவிக்கப்படும்போது மாதங்கள் பல கடந்திருக்கும். 2022இல் மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது மே மாதத்தில் 360 அளவுக்குப் போனபோது, அதற்கு முந்திய ஆண்டில் ரூபாவில் மானியம் பெற்றவர்கள் இரசாயனப் பொருள்களைப் பாதியளவே வாங்க முடிந்தது. ஆகவே இறக்குமதிப் பொருள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டொலர் விலையையும் அன்றைய மாற்றுவீதத்தையும் எழுதி, விலை ஏறினால் எதைக் கைவிட்டும் ஆய்வின் மையக் கேள்விக்கு விடை காணலாம் என்பதை ஒரு பத்தியில் சொல்லச் சொன்னேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பதை மதிப்பீட்டாளர்களும் அறிவார்கள். அளந்திருக்கிறோம் என்று அவர்களுக்குக் காட்டவேண்டும்.

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 வீதத்தைக்கூட ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவிடாத நாட்டில் உள்நாட்டு மானியம் பெரிதாக இருக்கப்போவதில்லை. சிறிய தொகைதானே என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சிறு மானியம் ஒன்றை எடுத்துக் கணக்கை ஒழுங்காக முடித்தவரின் பெயர்தான் அடுத்த பெரிய விண்ணப்பத்தில் நம்பிக்கை தரும்.

6 ஓகஸ்ட், செவ்வாய்

மண்ணியலாளரின் முதல் வரைவைப் படித்தேன். "முப்பது ஆண்டுப் போரினால் பாதிக்கப்பட்ட வடமாகாணத்தில்" என்று தொடங்கி, காலநிலை மாற்றம், உணவுப் பாதுகாப்பு, செயற்கை நுண்ணறிவு ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் தொட்டிருந்தார். சொன்னவை யாவும் உண்மையே. ஆனால் அந்தப் பக்கத்தை எரித்திரியாவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் ஒருவர் எழுதியிருக்கலாம். மதிப்பீட்டாளர் நம் துயரத்துக்குப் புள்ளி போடுவதில்லை, போடவும் கூடாது.

பின்னேரம் இருவரும் வற்றிக் கிடந்த ஒரு சிறுகுளத்துக்குப் போனோம். மாடுகள் குளத்தின் நடுவில் மிஞ்சியிருந்த சேற்று நீரைச் சுற்றி நின்றன. அண்மையில் தூர்வாரிய பக்கத்தில் வெட்டுமுகம் ஒன்று ஆளுயரத்துக்குத் தெரிந்தது. மேலே வெடித்த கருமையான களி, அதற்குக் கீழே சாம்பல்நிற அடுக்கு. அவர் ஒரு கட்டியை உடைத்துக் காட்டினார். பழைய வேர் போன தடங்கள் வழியே துருநிறக் கோடுகள் ஓடின. நீர் தேங்கியும் வடிந்தும் மாறி மாறி இருந்ததற்கான அடையாளம் அது என்றார். பிறகு, தன்பாட்டில் கேட்பதுபோல், "இந்தக் களியை வெட்டி எடுத்தால் குளம் ஆழமாகும், சேர், ஆனால் தண்ணி கீழே இறங்கினால் அணைக்குப் பின்னாலுள்ள கிணறுகளின் உவர் கூடுமா, குறையுமா? ஒருத்தரும் அளந்து பார்க்கேல்லை" என்றார்.

"இதைத்தான் எழுதும்" என்றேன்.

அந்த ஒற்றைக் கேள்விக்குள் வன்னி முழுவதும் இருக்கிறது: போருக்குப் பின்னான குளப் புனரமைப்பு, சிறுபோக நீர், குடிநீர்க் கிணறு. உலர்வலயத்தின் தொடர்குளக் கிராம முறைமையை ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவமுள்ள விவசாய மரபுரிமையாக ஏற்றது. ஆகவே அயல்நாட்டு மதிப்பீட்டாளருக்கும் இது முற்றிலும் அறியாத பொருள் அல்ல. போரைக் குறிப்பிடவேண்டிய இடம் ஒன்று உண்டு: நீண்டகாலத் தரவு ஏன் இல்லை என்று விளக்கும் வாக்கியம். அங்கே ஒரு வரி போதும்.

15 ஓகஸ்ட், வியாழன்

மடுத் திருவிழா. பீடத்தில் பாதிப்பேர் இல்லை; வீதியெல்லாம் பேருந்துகள். பேராதனையில் பதிவு செய்திருப்பவர் மட்டும் பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். முழுமையாக நான்கு ஆண்டுகள் வெளிநாடு போக அவரால் முடியாது. பொதுநலவாயப் புலமைப்பரிசில்களில் பிரிவிடப் புலமைப்பரிசில் என்று ஒன்று உண்டு: சொந்த நாட்டில் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவாக இருந்தபடியே, பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்றில் 12 மாதங்கள் வரை ஆய்வுசெய்து திரும்பலாம். அவருடைய வாழ்க்கைக்கு அளவெடுத்தது போல இருக்கிறது.

தடையாக இருப்பது ஒப்பந்தம். கல்வி விடுப்பில் வெளிநாடு போகும் விரிவுரையாளர் திரும்பிவந்து பணியாற்றுவதாகக் கையெழுத்திட்டு, பிணையாளிகளையும் நிறுத்தவேண்டும். "அண்ணை கனடாவில, மாமா லண்டனில, இங்க எனக்குப் பிணை நிக்க ஆர் இருக்கினம், சேர்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை எந்தப் புலமைப்பரிசில் வழிகாட்டியிலும் காணமுடியாது. ஆனால் இடம்பெயர்ந்து சிதறிய குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு முன்மொழிவு எழுதுவதைவிட இது கடினமாக இருக்கிறது. விண்ணப்பம் வெற்றியடைந்த பின் தேடத் தொடங்கினால் காலம் போதாது. பிணைக்குத் தகுதியான இருவரை இப்போதே பேசிவைக்கும்படி சொன்னேன். ஒருவர் ஓய்வுபெறப்போகும் அதிபர் என்பதால் அவருடைய தகுதி நிலைக்குமா என்று பதிவாளர் பிரிவில் எழுத்தில் கேட்டிருக்கிறோம்.

29 ஓகஸ்ட், வியாழன்

மேரி கியூரி முன்மொழிவின் முதற்பகுதிக்கு 10 பக்கம். பதினோராவது பக்கத்தை மதிப்பீட்டாளர் பார்க்கமாட்டார். எழுத்தின் அளவு 11 புள்ளிக்குக் குறையக்கூடாது. அட்டவணைக்குள் 8 வரை போகலாம் என்பதால் சிலர் முழு ஆய்வையும் அட்டவணைக்குள் திணிக்கிறார்கள், அது வாசிப்பவரை எரிச்சற்படுத்துவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. புள்ளிகளில் ஆய்வுச் சிறப்புக்கு 50 வீதம், தாக்கத்துக்கு 30, செயற்படுத்தலுக்கு 20. எங்கள் ஆட்கள் முதலாவதற்கே எல்லாப் பக்கங்களையும் செலவழித்துவிட்டு, செயற்படுத்தலை அரைப்பக்க அட்டவணையோடு முடித்துக்கொள்வது வழக்கம். இவரும் அப்படித்தான் செய்திருந்தார். களப்பணிக்கு எந்த மாதம் வருவது, மாரியில் குளத்துக்குள் இறங்க முடியாது என்பதால் மண் மாதிரிகளை ஓகஸ்டுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் எடுப்பது, மாதிரிகளை ஐரோப்பாவுக்கு அனுப்ப எந்த அனுமதிகளைப் பெறுவது என்பவற்றை எல்லாம் சேர்த்தபின் அந்தப் பகுதிக்கு உயிர் வந்தது.

மேரி கியூரி விண்ணப்பத்தை ஏற்பு நிறுவனமும் ஆய்வாளரும் சேர்ந்தே சமர்ப்பிக்கிறார்கள். எங்கள் நிருவாகத்தின் கையொப்பம் அதற்குத் தேவையில்லை. பீடாதிபதியிடம் இதைச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார்.

11 செப்டெம்பர், புதன்

முடிவு நேரம் பிரசெல்ஸில் மாலை 5 மணி, இங்கே இரவு 8.30. போர்த்துகல் பேராசிரியர் நேற்றே சமர்ப்பித்துவிட்டார். கடைசி நாளில் தளம் முடங்கும் என்பதற்காக அல்ல. நேற்று ஏற்றினால் இன்று பிழை கண்டு மாற்றி ஏற்ற இடமிருக்கும் என்பதற்காக. மாற்றவேண்டியும் வந்தது: படமொன்று அச்சில் மங்கியிருந்தது. பின்னேரம் மூன்று மணிக்குத் திருத்திய பிரதி போய்ச் சேர்ந்தது. முடிவு பெப்ரவரியில்தான் தெரியும். 70 வீதத்துக்குக் கீழே வந்தால் அடுத்த ஆண்டு அதே ஏற்பு நிறுவனத்தோடு மீண்டும் விண்ணப்பிக்க முடியாது. அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்று இன்றைக்கே பேசினோம்: ஹம்போல்டுக்குத் தோதான ஜெர்மனியப் பேராசிரியர் ஒருவரின் ஆய்வுகளை மண்ணியலாளர் ஒக்டோபருக்குள் வாசித்து முடிக்கவேண்டும்.

25 செப்டெம்பர், புதன்

சனாதிபதித் தேர்தல் முடிந்து அலுவலகங்கள் வழமைக்குத் திரும்பியுள்ளன. பொறியியலாளரின் உள்நாட்டு விண்ணப்பம் இன்று திரும்பி வந்தது: ஒரு விலைமனு காலாவதியாகிவிட்டதாம். விண்ணப்பம் எங்கள் மேசையை விட்டுப் போனபோது அது காலாவதியாகியிருக்கவில்லை. இடையில் மூன்று அலுவலகங்களில் கையொப்பத்துக்குக் காத்துக்கிடந்தது. நல்லவேளை, நிறுவனம் ஒரு வார அவகாசம் கொடுத்திருக்கிறது. கொழும்பு விற்பனையாளர் பழைய விலையையே புதுத் திகதியிட்டு அனுப்புவதாகத் தொலைபேசியில் சொன்னார்.

பீடச் சபைக்கு ஒரு பிரேரணை எழுதிக் கொடுத்துள்ளேன்: ஆய்வு மானிய விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது என்பதைக் கோப்பின் முகப்பிலேயே குறிக்கவேண்டும், மூன்று வேலைநாளுக்கு மேல் கையொப்பமின்றி இருந்தால் பீடாதிபதி நேரடியாகக் கேட்கவேண்டும். அடுத்த கூட்டம் ஒக்டோபரில். அதற்குள் பிரிவிடப் புலமைப்பரிசிலுக்கான பேராசிரியரின் சம்மதக் கடிதமும் வந்துவிட்டால், மூன்று கோப்புகளிலும் திகதியைக் குறித்துச் சபைக்குக் காட்டலாம்.