சூனியம் வெச்ச கவர்னர்

அமெரிக்கால கவர்னர் எலெக்‌ஷன்னு பேச்சு வந்தாலே எனக்கு விஸ்கான்சின் மாநிலத்தோட முன்னாள் கவர்னர் ஸ்காட் வாக்கர்தான் ஞாபகம் வருவாரு. 2011ல அரசு ஊழியர் சங்கங்களோட பேரம் பேசுற உரிமைல கை வெச்சாரு, டீச்சருங்க எல்லாம் மாநில தலைநகர் மேடிசன்ல சட்டசபை கட்டடத்துக்குள்ளயே படுத்து போராடுனாங்க, ஆள எறக்கணும்னு 2012ல ரீகால் தேர்தலே வந்துச்சு, மனுஷன் அதுலயும் ஜெயிச்சு 2014லயும் ஜெயிச்சு கெத்தா நின்னாரு.

2018ல மூணாவது டேர்முக்கு நின்னாரு. எதிர்ல யாரு தெரியுமா? டோனி எவர்ஸ், பழைய வாத்தியார்! நைட்டு முழுக்க இழுபறி, நடுராத்திரி தாண்டி மில்வாக்கி நகரத்துல முன்கூட்டியே போட்ட ஓட்டு மொத்தமா வந்து விழவும் வாக்கர் தோத்தாரு, ஆட்டம் க்ளோஸ். வித்தியாசம் 29,227 ஓட்டு, சுமார் 1.1 சதவீதம்.

சரி, ரீகவுண்ட், அதாவது ஓட்ட மறுபடி எண்ணச் சொல்லி கேக்கலாம்ல? அங்கதான் சொந்த காசுல சூனியம். 2016 பிரசிடென்ட் எலெக்‌ஷன்ல நாலாவதா வந்த கிரீன் கட்சி ஜில் ஸ்டெயின் ரீகவுண்ட் கேட்டு வாங்குனாங்க, அதுக்கப்புறம் வித்தியாசம் 1 சதவீதத்துக்குள்ள இருந்தாதான் கேக்கலாம்னு சட்டம் வந்துச்சு. அதுல கையெழுத்து போட்டதே நம்மாளுதான் 😂