கச்சான் வாங்கப் போன இலக்கு

என் மகனுக்கு ஐந்து வயதாகியும் 'க' வரவில்லை. கோட்டை அவனுக்குத் 'தோட்டை', கோயில் 'தோயில்'. நாக்கின் பின்பக்கம் மேலே எழும்ப வேண்டிய இடத்தில் நுனி பல்லுக்குப் போய்விடுகிறது என்று பேச்சுத் தெரபி மிஸ் காட்டித் தந்தார். சின்னப் பிள்ளைகள் பலர் இப்படிக் கதைத்து, தானாகவே திருத்திக்கொள்வார்கள். இவனுக்கு அது நடக்கவில்லை.

கிளினிக்குக்குப் போய்வந்த நாட்களில்தான், சிகிச்சையை எப்படி நல்லதாக்கலாம் என்று பெற்றோரையும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டே ஓர் ஆய்வு செய்யப்போவதாகச் சொன்னார்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருந்தது. நான் கையெழுத்து வைத்த பிறகு மகனிடமும் தனியாகக் கேட்டார்கள்: "உங்களுக்கு விருப்பமா? வேண்டாம் என்றாலும் சரி." எனக்கு அது புதிது. தன்னைப் பற்றிய விஷயத்தில் பிள்ளையின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. சிறுவர் உரிமைச் சாசனத்தின் 12ஆவது உறுப்புரை சொல்கிறதாம். இலங்கை 1991இலேயே அதை ஏற்றுக்கொண்டது.

அடுத்தது படம் எடுப்பது. நாள் முழுக்க எங்கெங்கே கதைக்கிறோமோ அதைப் பிள்ளைகளே போனில் எடுக்க வேண்டும். இதற்கு ஃபோட்டோவொய்ஸ் என்று பெயர். 1990களில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் சீனாவின் யுனான் மாகாணத்துக் கிராமப் பெண்களோடு வேலை செய்து உருவாக்கிய முறை. மகன் எடுத்தவற்றில் திருகோணமலைக் கோட்டை வாசலில் நிற்கும் மான், உப்புவெளியில் கரைவலை இழுப்பவர்கள், எங்கள் தெருமுனைக் கடை எல்லாம் இருந்தன. கடைப் படம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஏன் என்று மிஸ் கேட்டார். தனியாகப் போய்க் கச்சான் வாங்க ஆசை, ஆனால் அவன் சொல்வது கடைக்கார மாமாவுக்கு விளங்குவதில்லை என்றான்.

பள்ளிக்கூடத்தில் வாசிக்க வேண்டும் என்பதுதான் என் இலக்காக இருந்தது. அவனுடையது கச்சான். அவனுடையதையே முதலில் எடுத்தார்கள். பழைய அட்டைகளுக்குப் பதில் அவன் எடுத்த படங்களே பயிற்சிக்கு வந்தன. வீட்டில் கொப்பியைத் திறந்தாலே ஓடியவன், இப்போது தானே படங்களை அடுக்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறான். கச்சான் வாங்கிவிட்டான். சொல்லின் நடுவில் வரும் 'க்க' மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அக்காவை 'அத்தா' என்றே கூப்பிடுகிறான்.

அறிக்கையை அனுப்பும் முன் பெற்றோரைக் கூட்டி வாசித்துக் காட்டினார்கள். அதில், வராமல்விட்ட குடும்பங்களுக்கு ஆர்வம் குறைவு என்று ஒரு வரி. கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு தாய் எழும்பி, "வாப்பாக்குக் கூலி வேலை, நான் வந்தால் மற்றப் பிள்ளைகளை ஆர் பார்க்கிறது?" என்று கேட்டா. நாங்கள் எல்லோரும் அவவோடு நின்றோம். அந்த வரியை எடுத்துவிட்டு, கிளினிக் நேரத்தையும் பஸ் செலவையும் எழுதினார்கள். இப்படியான ஆய்வுக்கு உங்களைக் கூப்பிட்டால், முடிவை எங்களுக்கும் வாசித்துக் காட்டுவீர்களா என்று முதலிலேயே கேளுங்கள்.