பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை

குன்னூரிலிருந்து தம்பி வாங்கி வந்த வெள்ளைத் தேயிலையை முதல் நாள் வழக்கமான டீ மாதிரியே கொதிக்கவிட்டு, பாலும் ஊற்றிக் கெடுத்தேன். பாலின் ருசிதான் இருந்தது, தேயிலையைக் காணோம்!

இதற்குத் தேயிலைச் செடியின் விரியாத இலை மொட்டுகளைப் பறித்து, கசக்கி உருட்டாமல், வாட்டி உலர்த்துவதோடு சரி. அதனால் சாறு மெதுவாகத்தான் இறங்கும். இப்போதெல்லாம் கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு, சுமார் 80 டிகிரியில், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் போட்டு ஐந்து நிமிடம் மூடி வைக்கிறேன். வெளிர் வைக்கோல் நிறம், நாக்கின் அடியில் இளநீர் மாதிரி லேசான இனிப்பு. அதே மொட்டில் இன்னும் இரண்டு தடவை வெந்நீர் ஊற்றலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது.

அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்குப் பேரு டீயாடா?" என்று இஞ்சி தட்டப் போய்விட்டார்.