ஐந்து என்றால் ‘ணே’

போன ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பிள்ளைக்கு, விரலால் தடவி வாசிக்கும் புள்ளியெழுத்தான பிரெயில் சொல்லிக்கொடுக்க, அதற்கு முன் ஏழு மாதம் குளச்சல் பக்கம் போய்வந்தேன். பிறவியிலேயே பார்வையில்லை. அப்பா கடலுக்குப் போகிறவர்.

முதல் மாதம் காகிதமே கிடையாது. பிரெயிலில் ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளியிடம். அதனால் முட்டை அட்டையில் ஆறு குழியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன். இடப்பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. குழியில் புளியமுத்தைப் போட்டு விளையாட்டு. 1-இல் மட்டும் முத்து இருந்தால் அ. 1, 3 என்றால் க. சட்டென்று பிடித்துக்கொண்டாள். வலை முடிச்சைத் தடவித் தடவி வளர்ந்த விரல் அல்லவா!

காகிதத்துக்கு வந்ததும்தான் பாடு. புள்ளிக்குப் புள்ளி இரண்டரை மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். விரலை அழுத்தி மேலும் கீழும் தேய்ப்பாள். “மக்களே, தேய்க்காதே. பூனைக்குட்டியைத் தடவுற மாதிரி போ” என்பேன். வகுப்போடு சேர்ந்து வாசிக்க, எழுத்து தெரிந்தால் போதாது, கை லேசாக வேண்டும். அதற்கே மூன்று மாதம் போனது.

தப்பு நானும் செய்தேன். வாசிப்பு பழகும் முன்பே ஸ்லேட்டையும் (தாளைச் செருகிப் புள்ளி குத்தும் சட்டம்) ஊசியையும் கொடுத்துவிட்டேன். அதில் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பித்தான் வாசிக்க வேண்டும். அவள் வாசிக்கிற திசையிலேயே குத்தினாள். தாளைத் திருப்பியதும் இடம் வலமாக மாறிவிட்டது. இ எழுதினால் ஏ ஆனது, ல எழுதினால் ள ஆனது. அழுதுவிட்டாள். சரி என்று ஸ்லேட்டை மூன்று வாரம் பைக்குள் வைத்துவிட்டேன்.

பள்ளியில் ஆசிரியரிடம் ஒன்றுதான் கேட்டேன்: போர்டில் எழுதும்போது வாயாலும் சொல்லுங்கள். முதல் வாரம் மறந்தார். அப்புறம் பிள்ளைகளே ஞாபகப்படுத்தினார்கள்.

வருகைப் பதிவில் அவள் எண் 5. பெஞ்சில் பிரெயிலில் ஒட்டிவைத்தேன். தடவிப் பார்த்து “ணே” என்றாள். அவள் சொன்னதும் சரிதான். எண்ணுக்கு முன்னால் போடும், ‘இது எண்’ என்று காட்டும் குறியும் ண-வும் ஒரே புள்ளிகள். 5-க்கும் ஏ-வுக்கும் அப்படியே. “தமிழில் எந்தச் சொல்லாவது ண-வில் தொடங்குமா?” என்று கேட்டேன். யோசித்தாள். “அப்போ இது அஞ்சு!”

இதைப் பக்கத்தில் இருந்த பையன் கேட்டுவிட்டான். இப்போது வகுப்பே அவளை ‘ணே’ என்றுதான் கூப்பிடுகிறது. அவளும் “என்னடே?” என்று அண்ணன் தோரணையில் திரும்புகிறாள்.