பதினாலு நாள் மாத்திரை

ஜூன் 10, 2025. பாங்காக்

இன்று முழுக்க மைக்ராஸ்கோப் முன்னால்தான். மஹிடோல் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் புலம் 1960-இல் தொடங்கியது. மருத்துவமனையும் வகுப்பும் ஒரே வளாகத்துக்குள். சென்னையில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு இங்கே டிப்ளமோ படிக்க வந்தவள் நான். மலேரியா எனக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே ஸ்லைடைப் பார்ப்பவர் லேப் டெக்னீஷியன். என் மேஜைக்கு வருவது ‘வைவாக்ஸ் பாசிட்டிவ்’ என்ற ஒற்றை வரி. வைவாக்ஸ் என்பது மலேரியா ஒட்டுண்ணிகளில் ஒரு வகை. இங்கே டாக்டரே உட்கார்ந்து எண்ண வேண்டும்.

திக் ஸ்மியரில் (கண்ணாடியில் தடிப்பாகத் தடவிய ரத்தத்தில்) 200 வெள்ளையணுக்களை எண்ணி முடிக்கும்வரை கண்ணில் படுகிற ஒட்டுண்ணிகளையும் கூடவே எண்ணிக்கொண்டு வர வேண்டும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 8,000 வெள்ளையணு என்று வைத்துக்கொண்டு பெருக்கினால் கணக்கு வந்துவிடும். எனக்குக் கிடைத்த ஸ்லைடில் 43. அதாவது மைக்ரோலிட்டருக்கு 1,720. அப்புறம் தின் ஸ்மியர், அதாவது மெல்லியதாக இழுத்த ரத்தப் படலம். வைவாக்ஸ் புகுந்த சிவப்பணு பக்கத்தில் இருப்பவற்றைவிட உப்பிப் பெரிதாகி, உள்ளே இளஞ்சிவப்புப் பொட்டுகளாக இருந்தது. இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை. நேரம் போனதே தெரியவில்லை.

முடிக்கும்போது ஆஜான் (ஆசிரியர்களை இங்கே இப்படித்தான் கூப்பிடுகிறோம்) சொன்னார்: “நீங்கள் எண்ணியது ரத்தத்தில் இருப்பதை. கல்லீரலில் தூங்குவதை எந்த லென்ஸும் காட்டாது.”

வைவாக்ஸின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ரத்தத்தில் உள்ளதற்கு மூன்று நாள் குளோரோகுயின் போதும். கல்லீரலில் உறங்குகிற அதன் வடிவமான ஹிப்னோசோயிட் வாரங்களோ மாதங்களோ கழித்து விழித்து, கொசு கடிக்காமலே மறுபடி காய்ச்சலைக் கொண்டுவரும். அதைக் கொல்லப் பிரைமாகுயின். நம் நாட்டு வழிகாட்டுதலில் 14 நாள்.

ஜூன் 19

மெலியாய்டோசிஸ் வகுப்பு. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் பாக்டீரியா. வடகிழக்குத் தாய்லாந்தில் மழைக்காலத்தில் வயலில் இறங்குகிறவர்களுக்கு வருகிறது, அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதிகம். நுரையீரலில் வந்தால் காசநோய் மாதிரியே தெரியும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பல ஆண்டுகளாக இதைப் பற்றி எழுதிவருகிறார்கள். இருந்தும் நம் மாவட்ட மருத்துவமனைகளில் இந்தப் பெயர் பலர் காதில் விழுந்ததே இல்லை. சர்க்கரை நோயுள்ள விவசாயி, விடாத காய்ச்சல், கல்லீரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி என்றால் தயவுசெய்து கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்புங்கள்.

மருந்து விஷயத்தில் மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றேன். நரம்பு வழியாக செஃப்டாசிடிம் குறைந்தது பத்து நாள். அதன்பிறகு வீட்டில் மூன்று மாதம் மாத்திரை. பாதியில் விட்டால் நோய் திரும்பும். மூன்று மாதமும் ஒருவர் அதே ஊரில், அதே ஆஸ்பத்திரிக்கு வந்துபோகிற தூரத்தில் இருப்பார் என்று நம்பித்தான் அந்த மருந்துச்சீட்டையே எழுதுகிறோம். தாய்லாந்துக் குடிமக்களுக்கு 2002 முதல் அனைவருக்குமான மருத்துவக் காப்பீடு உண்டு. அவர்களுக்கு இது நடக்கும். காகிதம் இல்லாதவர்களுக்கு?

ஜூலை 6. மே சோட்

எல்லை ஊரான இங்கே ராத்திரி பஸ்ஸில் வந்து சேர்ந்தோம். மோய் ஆறு இவ்வளவு ஒடுங்கியிருக்கும் என்று நினைக்கவில்லை. எதிர்க்கரை மியான்மர்.

மே தாவ் கிளினிக்கைப் பார்த்தோம். மியான்மரில் 1988 எழுச்சி நசுக்கப்பட்டபின் எல்லை தாண்டி வந்த டாக்டர் சிந்தியா மாவுங் 1989-இல் தொடங்கியது. ஆரம்ப நாட்களில் கருவிகளை ரைஸ் குக்கரில் வேகவைத்துத்தான் கிருமி நீக்கம் செய்தார்களாம். இப்போது நீளமான வராந்தாக்கள், கன்னத்தில் தனகா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய பெண்கள், மடியில் குழந்தைகள். அங்கே வேலை பார்க்கும் பலர் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் அல்ல. எல்லையிலேயே பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். அவர்கள் வேலையின் தரத்துக்கு முன்னால் பட்டத்தை வைத்து ஆளை எடைபோடும் நம் பழக்கம் நிற்காது.

ஜூலை 8. மே சோட்

இன்று பார்த்த இளைஞரைப் பற்றி அடையாளம் எதுவும் சொல்லாமல் எழுதுகிறேன். சோளக்காட்டு வேலை. வைவாக்ஸ் மறுபடி வந்திருக்கிறது. அவர் கரேன் மொழியில் சொல்ல, ஒருவர் பர்மியத்தில் சொல்ல, இன்னொருவர் எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். போன தடவை மாத்திரையை முடித்தீர்களா என்று கேட்டோம். இல்லை. வேலை அடுத்த மலைக்கு மாறியது, இவரும் போனார். காய்ச்சல் நின்றுவிட்டது, அப்புறம் மாத்திரை எதற்கு என்றார்.

பிரைமாகுயின் கொடுக்குமுன் ஜி6பிடி நொதி குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பகுதி மக்களிடம் அது சகஜம். குறைபாடு இருந்தால் மருந்தே சிவப்பணுக்களை உடைத்துவிடும். விரலில் ஒரு துளி எடுத்துச் சோதித்ததில் இவருக்குப் பிரச்சினை இல்லை. மருந்தைக் கட்டிக்கொடுத்த அக்கா ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பேனாவால் சூரியன் வரைந்தார். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் வயிறு பிசையும், சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும். பொறுமையாகத் திருப்பித் திருப்பிச் சொன்னார். இளைஞர் குனிந்து கேட்டது ஒரே கேள்வி: “சாப்பாடு ஒரு வேளைதான் என்றால்?” அந்த ஒரு வேளைக்குப் பிறகு போடுங்கள் என்றார் அக்கா.

14 நாளை ஏழாகக் குறைக்க முடியுமா என்று ஆராய்ந்த இடங்களில் இந்த எல்லையும் ஒன்று. அதிக அளவில் ஏழு நாள் கொடுத்தால் பலன் குறையவில்லை என்ற முடிவுகள் 2019-இல் வந்தன. ஆராய்ச்சிக்கான கேள்வியே ஊர் விட்டு ஊர் போகிற இவர்கள் வாழ்க்கையிலிருந்து வந்திருக்கிறது. இதைப் படிக்கத்தான் நான் வந்தேன்.

மியான்மரில் 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இங்கே மலேரியா மறுபடி ஏறியிருக்கிறது. இந்த ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் அகதி முகாம்களின் மருத்துவமனைகள் மூடப்பட்டன. ஒட்டுண்ணிக்கு இதைவிட என்ன வேண்டும்.

ஜூலை 25. பாங்காக்

நேற்று முதல் கம்போடிய எல்லையில் சண்டை. சுரின் மாகாணத்தில் ஒரு மருத்துவமனைமேல் குண்டு விழுந்திருக்கிறது. வார்டுகளைக் காலி செய்கிறார்கள். வகுப்பில் யாருக்கும் மனம் நிலைகொள்ளவில்லை.

குளோரோகுயினை எதிர்க்கும் ஃபால்சிபாரம் (உயிரைப் பறிக்கக்கூடிய மலேரியா ஒட்டுண்ணி வகை) 1950-களின் இறுதியில் தலைகாட்டியது இந்தத் தாய்-கம்போடிய எல்லையில்தான். 1970-களின் முடிவில் ஆப்பிரிக்காவில் அந்த எதிர்ப்பு தெரியவந்தது. அதன்பின் செத்த குழந்தைகளுக்குக் கணக்கில்லை. ஆர்ட்டிமிசினின் என்ற பிந்தைய மலேரியா மருந்துக்கு எதிர்ப்பு 2008, 2009 வாக்கில் தெரியவந்ததும் இதே பக்கம், மேற்குக் கம்போடியாவின் பைலின். ரத்தினக்கல் தோண்டப் போன கூலிகள், போர், போலி மாத்திரை, பாதி டோஸ். இந்தக் கலவையில்தான் எதிர்ப்பு முளைக்கிறது. அங்கே மறுபடி ஆயிரக்கணக்கானோர் வீடு விட்டு ஓடுகிறார்கள். மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எத்தனை பேர் ஓடியிருப்பார்கள்?

ஜூலை 29

போர் நிறுத்தம். நிலைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 27

முகாம்களில் உள்ள மியான்மர் அகதிகள் வெளியே சட்டப்படி வேலை பார்க்கலாம் என்று தாய்லாந்து அமைச்சரவை நேற்று முடிவெடுத்திருக்கிறது. பலர் அங்கே பல பத்தாண்டுகளாக இருப்பவர்கள். எனக்கு இது மருத்துவச் செய்திதான். ஒளிந்து வேலை செய்கிறவரைத் தேடிப்போய் ரத்தம் எடுக்க முடியாது.

ப்ராஜெக்ட் தலைப்பு முடிவாகிவிட்டது: சென்னைக் கட்டுமானத் தொழிலாளர்களும் பிரைமாகுயினும். பழைய நிலையத்தின் லேப் டெக்னீஷியனுக்கு போன் போட்டேன்.

“அண்ணே, பாசிட்டிவ் வந்தவங்க பதினாலு நாளும் கைக்கு எட்டுற தூரத்துல இருக்காங்களா?”

“எங்க மேடம்? தளம் போட்டு முடிஞ்சா மேஸ்திரி அடுத்த சைட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறார். போன் நம்பரும் மாறிடுது.”

“மேஸ்திரி நம்பர்?”

“அது மட்டும் மாறாது.”

அதிலிருந்தே தொடங்கலாம். ஸ்லைடு எடுக்கும்போதே மேஸ்திரியின் எண்ணையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டால், எத்தனை பேர் மாத்திரையை முடிக்கிறார்கள்? தொழிலாளியின் நோயை மேஸ்திரியிடம் சொல்வது சரியா, வேலை போய்விடாதா என்று ஆஜான் கேட்டார். நியாயமான கேள்வி. நோய்ப் பெயரைச் சொல்லாமல், ஆள் எந்த சைட்டில் இருக்கிறார் என்று மட்டும் கேட்கும்படி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். தொழிலாளிக்கு ஒடியாவிலும் இந்தியிலும் வங்காளத்திலும் ஒப்புதல் படிவம் வேண்டும். கட்டுமான இடங்களில் முகாம் நடத்திய மருத்துவர்கள், செவிலியர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் இடத்தில் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.