சட்டத்தில் இல்லாத பயம்

டெக்ஸாஸில் அரசுப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறு எடுக்கிறேன். அடிமைமுறையும் உள்நாட்டுப் போரும் என் தலையில்தான்.

இனம், நடப்பு விவகாரம் போன்றவற்றைப் பள்ளியில் எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று 2021-இல் ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்திட்ட சட்டத்தை வரி விடாமல் படித்தேன். அடிமைமுறையைச் சொல்லித்தரக் கூடாது என்று எங்கேயும் இல்லை. சர்ச்சைக்குரிய விஷயத்தை எடுத்தால் எந்தப் பக்கமும் சாயாதே என்றது. எது சர்ச்சைக்குரியது என்று மட்டும் சொல்லவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அதற்குப் பதிலாக இன்னொரு சட்டம் வந்தது. குழப்பம் அப்படியே இருந்தது.

அரசியல் மேடையில் எல்லோரும் திட்டியது விமர்சன இனக் கோட்பாட்டை. அது சட்டத்திலும் அமைப்புகளிலும் இனப் பாகுபாடு எப்படி ஊறியிருக்கிறது என்று டெரிக் பெல் போன்ற சட்டப் பேராசிரியர்கள் வளர்த்த ஆய்வு. என் பிள்ளைகளுக்கு மாநிலத் தலைநகரங்களே தகராறு!

அக்டோபரில் மாட் கிராஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர், இனம், பாலியல் போன்றவை பற்றிய சுமார் 850 புத்தகங்களின் பட்டியலை அனுப்பி, எத்தனை பிரதி இருக்கிறது, என்ன செலவானது என்று பள்ளி மாவட்டங்களைக் கேட்டார். எடுத்துவிடச் சொல்லவில்லை, கேட்கத்தான் செய்தார். பக்கத்து வகுப்பு ஆசிரியை அலமாரியைப் பழுப்புக் காகிதத்தால் மூடிவிட்டார். மேலிடத்தில் விளக்கம் கேட்டால், “பார்த்து நடந்துக்குங்க” என்பார்கள். இது எந்தச் சட்டத்தையும்விட வேகமாக வேலை செய்தது.

நான் பிடித்துக்கொண்டது 1861 பிப்ரவரி 2 தேதியிட்ட ஆவணத்தை. உள்நாட்டுப் போருக்குச் சற்று முன், அமெரிக்க ஒன்றியத்தை விட்டு ஏன் பிரிகிறோம் என்று டெக்ஸாஸே எழுதியது. ஆப்பிரிக்க இனம் தாழ்ந்தது, பிறரைச் சார்ந்திருக்க வேண்டியது என்று பச்சையாகச் சொல்கிறது. பத்தி பத்தியாகப் பிரித்துக் கொடுத்து, காரணங்களை அடிக்கோடிடச் சொல்வேன். முதல் வரிசையிலிருந்து ஒரு பையன், “மிஸ், இவங்களே ஒத்துக்கிட்டாங்களே” என்றான். நான் ஒரு கருத்தும் சொல்லவில்லை. 2018-இல் மாநிலக் கல்வி வாரியமே போருக்கு அடிமைமுறையின் விரிவாக்கம் மையக் காரணம் என்று பாடத்திட்டத்தைத் திருத்திவிட்டது. பிறகு எதற்கு நடுங்க வேண்டும்?

எனக்கு எரிச்சல் தந்தது நம்மவர்கள்தான். பெற்றோர் சந்திப்பில் ஓர் அப்பா, “கறுப்பு வெள்ளைச் சண்டை நமக்கெதுக்குங்க மேடம்?” என்றார். இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைச் சொன்னேன். ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த சிலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். பொறுமையாகக் கேட்டவர், “இது டெஸ்ட்டுக்கு வருமா?” என்றார்.

வராது என்றேன்.